மின்வெட்டுக்குக் காத்திருப்பவள்

மின்சாரம் போயிற்று. முதலில் எதிர்வரிசையில் கல் அறுக்கும் இயந்திரம் தன் கடைசிச் சுற்றை இழுத்துக்கொண்டே சென்று நின்றது. அடுத்து எங்கள் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார், மேல்வீட்டுத் தொலைக்காட்சி, லிஃப்ட், சமையலறைக் குளிர்பெட்டி. எல்லாவற்றுக்கும் பின்னால் மின்விசிறி. விசிறி மட்டும் உடனே நிற்காது. எழுந்து போக மனமில்லாத விருந்தாளியைப் போலச் சுற்றுச் சுற்றாகக் குறைந்துதான் நிற்கும். அதுவரை நான் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருந்தேன். கட்டடம் முழுவதிலுமிருந்து "சே", "போச்சா", "மறுபடியுமா" என்ற குரல்கள் எழுந்தன, சன்னல்கள் திறக்கப்பட்டன, பிறகு அவரவர் சலிப்போடு அவரவர் அடங்கினார்கள். தெரு ஓய்ந்தது. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பேட்டரியில் ஓடும் கம்ப்யூட்டர் திரையில் இருந்த சிவப்புப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

மின்சாரம் வருவதற்கு ஊரே காத்திருக்கும். அது போவதற்குக் காத்திருப்பவள், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருத்திதான். எங்கள் பகுதியில் வாரத்தில் ஒரு நாள் மதிய உணவுக்குப் பின் மின்வெட்டு. அந்த நேரத்துக்காகக் காலையிலிருந்தே குரலைச் செலவழிக்காமல் வைத்திருப்பேன். யாரோடும் வாக்குவாதம் செய்ய மாட்டேன்; வீட்டில் இருப்பவர்களுக்கு அதனாலேயே அன்று என்ன நாள் என்று தெரிந்துவிடும். இரவில் பாடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: என் சன்னலுக்கு வெளியே ஆறு வீட்டு ஏசிப் பெட்டிகள் இரவு முழுவதும் உறுமுகின்றன. மைக்குக்கு மனிதர்களைப் போலப் பழகிப்போகும் குணம் கிடையாது. இருப்பதையெல்லாம் கேட்கும்.

பல்லவியின் இரண்டாவது அடியில் இருந்தேன். கதவு தட்டப்பட்டது.

"அம்மா."

நான் நிறுத்தவில்லை.

"அம்மா, கதவத் தொற. அவசரம்."

அந்தப் பதிவு அதோடு கெட்டது. எழுந்து திறந்தேன். என் மகன் ஒரு கையில் மோடத்தையும் மறு கையில் அதன் வயரையும் பிடித்துக்கொண்டு நின்றான், பூனைக்குட்டியைத் தூக்கி வந்தவனைப் போல.

"மீட்டிங் நடுவுல அவளுக்கு நெட் போயிடுச்சு. இத மட்டும் உன் பேட்டரியில சொருகிக்கறேன். கொஞ்ச நேரந்தான்."

"கூடாது."

"மோடம்மா இது. சின்ன பல்பு இழுக்கறதுகூட இழுக்காது."

"எவ்ளோ இழுக்கும்னு நான் கேக்கல. நான் பாடிட்டிருக்கேன்."

"பாட்டு எங்க ஓடிப்போகுது? அப்புறமாப் பாடேன்."

"அப்புறம்னா எப்போ? கரண்ட் வந்ததும் எதிர்க்கடைக்காரன் கல்லறுக்க ஆரம்பிச்சுடுவான். அவனோட சேந்து பாடட்டுமா?"

அவனுக்குப் பின்னால் மருமகள், கழுத்தில் ஹெட்செட்டோடு, கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டே வந்து நின்றாள். "விடுங்க. போன்லேயே போட்டுக்கறேன். அத்தைக்கு அவங்க கச்சேரி. எனக்கு என் சம்பளம். ரெண்டையும் ஒரே ப்ளக்ல சொருக முடியாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவள் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே கணக்குப் பார்க்கிறாள். நேரில் ஒருமுறைகூடக் கண்டிராதவர்களிடம் எண்களை ஒவ்வொன்றாக, தெளிவாக, தயங்காமல் சொல்வாள். அவள் பேச்சில் ஒரு சொல் வீணாகாது. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்; அதனாலேயே எங்களுக்குள் ஒத்துப்போவதும் இல்லை.

என் தொழில் கோரஸ். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒலிப்பதிவுக் கூடங்களில் மற்றவர்களின் பாட்டுக்குப் பின்னால் நின்று பாடியவள். ஒரு மைக்கைச் சுற்றி ஆறு பெண்கள், உயரமானவர்கள் பின்வரிசையில். கதாநாயகி துள்ளினால் 'லாலா', அழுதால் 'ம்', மழை வந்தால் 'ஓ'. சில சமயம், பெரிய மனது வைத்து, பல்லவியின் கடைசி இரண்டு சொற்களை எங்களுக்கும் தருவார்கள். ஆறு குரலும் ஒரே குரலாகக் கேட்க வேண்டும். அதில் ஒருத்தியின் குரல் தனியாகத் தெரிந்தால் இசை நடத்துநர் பதிவறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல்களைக் கீழ்நோக்கி அசைப்பார். என்னைப் பார்த்து அவர் ஒருமுறைகூட அசைத்ததில்லை. என் குரலை நான் அவ்வளவு நேர்த்தியாக மறைப்பேன். பாட்டு வெளிவந்ததும் கேசட் உறையில் பாடகரின் பெயர் இருக்கும், வீணை வாசித்தவர் பெயர்கூட இருக்கும். கடைசியில் 'மற்றும் குழுவினர்' என்று இருக்கும். அந்த இரண்டு சொற்களில் ஏதோ ஒரு எழுத்தின் ஒரு காலில் நான் இருந்தேன்.

வேலையிலிருந்து நின்றதும் ஒரு கம்ப்யூட்டரும், ஒரு நல்ல மைக்கும், இரண்டையும் இணைக்கும் ஒலிப்பெட்டியும் வாங்கினேன். தூரத்து உறவினர்களோடு முகம் பார்த்துப் பேசத்தான் வாங்குகிறேன் என்று மகன் நினைத்தான். நான் பாட்டு எழுதினேன். மெட்டும் என்னுடையது. கடைசிப் பாட்டு ஒன்றைத் தவிர மற்றவை முடிந்துவிட்டன. அவற்றுக்குக் கம்ப்யூட்டரே தபலாவும் புல்லாங்குழலும் வாசித்துக் கொடுத்தது. கடைசிப் பாட்டுக்கு எந்த வாத்தியமும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். வெறும் குரல். அதையும் துண்டு துண்டாகப் பாடி ஒட்டாமல், தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாகப் பாட வேண்டும். இப்போது எல்லோரும் அடியடியாகப் பாடித்தான் ஒட்டுகிறார்கள். தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆறில் ஒரு பங்காகவே வாழ்நாளெல்லாம் பாடியவளுக்கு, ஒரு பாட்டாவது முழுதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருக்கக் கூடாதா? தாமதிக்கவும் முடியாது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்த என்னை வயது நான்கு கட்டைக்கு இறக்கியிருந்தது. அடுத்த ஆண்டு எங்கே இறக்கும் என்று அதற்குத்தான் தெரியும்.

வாத்தியம் இல்லாத பாட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஈ பறந்தாலும் பதிவாகும். அதனால்தான் மின்வெட்டு, அதனால்தான் பேட்டரி. முதலில் வாங்கிய மலிவான இன்வெர்ட்டர் என் குரலுக்கு அடியில் ஒரு வண்டை உட்கார வைத்தது. பேட்டரிக் கடைக்காரர் வந்து கேட்டுவிட்டு, "கரண்ட் கரடுமுரடா வருதும்மா, மோட்டாருக்கு ஆகும், மைக்குக்கு ஆகாது" என்று சொல்லி, சீரான மின்சாரம் தரும் யூபிஎஸ் ஒன்றையும் அதற்கேற்ற பெரிய பேட்டரியையும் கொண்டுவந்து வைத்தார். கம்ப்யூட்டர் பெட்டியையும் யூபிஎஸ்ஸையும் அறைக்கு வெளியே நடையில் வைத்து, வயர்களைக் கதவுக்கு அடியில் விட்டேன். அவற்றின் விசிறிச் சத்தமும் உள்ளே வரக் கூடாதல்லவா? எல்லாம் சரியாக அமைந்தது, ஒன்றைத் தவிர. மின்சாரம் போனதும் அந்த யூபிஎஸ் 'பீப், பீப்' என்று கத்தத் தொடங்கிற்று. கதவைச் சாத்தினாலும் கேட்டது. என் பாட்டு ஒன்றின் சரணம் முழுவதும் அது தாளம் தப்பிய மாணவனைப் போலக் கூடவே வந்திருந்தது.

"அந்தச் சத்தத்த எடுத்துடுங்க" என்றேன் கடைக்காரரிடம்.

"அந்தச் சத்தத்துக்குப் போற வயர அறுத்தா கேரண்டி போயிடும்மா."

"என் கேரண்டியே எப்பவோ போயாச்சு. அறுங்க."

அவர் தயங்கினார். கத்தரியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஜெனரேட்டர் பற்றிய பேச்சு அதன் பிறகு வந்தது. கட்டடத்துக்குப் பொதுவாகப் பெரிய டீசல் ஜெனரேட்டர் ஒன்று வாங்குவதென்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் வைத்தார்கள். கீழ்த்தளத்தில் மருத்துவமனை வைத்திருக்கும் பல் மருத்துவர் சங்கத்தின் தலைவர். என் மகன் செயலாளர். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. மகன் தீர்மானத்தைப் படித்தான். நன்றாகப் படித்தான்; நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். 'இனி நம் கட்டடத்தில் ஒரு நிமிடமும் இருள் இருக்காது' என்று முடித்தபோது கைதட்டினார்கள். கருவியை வைக்க இடம், கட்டடத்தின் பின்பக்கம். பின்பக்கத்தில் முதல் மாடியில் இருப்பது என் அறையின் சன்னல். நான் கையை உயர்த்தினேன்.

"உங்களுக்கு என்ன மேடம் பிரச்சினை?" என்றார் மருத்துவர்.

"சத்தம்."

"இது சைலண்ட் ஜெனரேட்டர் மேடம். பேரே சைலண்ட்."

"பேர் வச்சவங்க அது பக்கத்துல ஒரு நாள் படுத்துப் பாத்தாங்களா?"

சிலர் சிரித்தார்கள். மருத்துவரும் சிரித்துவிட்டு, "நான் ஒருத்தர் பல்லப் பாதி குடைஞ்சுட்டிருக்கும்போது கரண்ட் போகுதுன்னு வைங்க. அவர் வாயத் தொறந்தபடியே உக்காந்திருக்கணுமா?" என்றார்.

"நீங்களும் ஒரு பேட்டரி வாங்கி வச்சுக்கலாம் டாக்டர். நான் வாங்கி வைக்கலையா?"

"அம்மா, உக்காரு" என்றான் மகன், பல்லுக்கிடையில்.

"செயலாளர் உறுப்பினர உக்காரச் சொல்ல முடியாது. தலைவர்தான் சொல்லலாம். அவர் இன்னும் சொல்லல."

கருவியை முன்பக்கம் வைக்கும்படி கேட்டேன். முன்பக்கம் கார்கள் நிற்குமே என்றார்கள். காருக்குக் காது வலிக்குமா என்று கேட்டேன். சரி, மின்வெட்டு நாட்களில் ஒரு மணி நேரமாவது அதை ஓட்டாமல் இருங்கள் என்றேன். அப்போது இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பெண்மணி, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமலே கேட்டார்: "நீங்க ஒருத்தர் பாடறதுக்காக நாங்க எல்லாரும் வேர்த்துக் கொட்டிட்டு உக்காந்திருக்கணுமா?"

நியாயமான கேள்வி. நான் சற்று யோசித்தேன். யோசித்தும் என் பதில் மாறவில்லை.

"ஆமாம்மா. ஒரு மணி நேரம்."

வாக்கெடுப்பில் என் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. மருமகளின் கையும் உயர்ந்தது. ஒளித்து மறைத்து அல்ல, தோளுக்கு மேலே நேராக. அந்த நேர்மையை நான் குறித்துக்கொண்டேன். "எதிர்ப்பு ஒன்றுன்னு எழுதிக்கோ" என்று மகனிடம் சொன்னேன். அவன் தலை நிமிராமல் எழுதினான்.

ஜெனரேட்டர் வருவதற்குள் ஒரே ஒரு மின்வெட்டு மிச்சமிருந்தது. அன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு முறை மின்சாரம் போய்வந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான், ஒத்திகை பார்த்துக்கொண்டேன். மதியம் வழக்கமான வெட்டு வந்தது. சத்தங்கள் வரிசையாக அடங்கின. மகன் அலுவலகத்தில் இருந்தான். மருமகள் தன் அறைக் கதவைச் சாத்தியிருந்தாள். நான் பாடத் தொடங்கினேன்.

*நான் நடந்த தெருவெல்லாம் என் காலுக்குத் தெரியும்,*
*நான் திரும்பும் நேரம் என் கதவுக்குத் தெரியும்.*

இப்படித் தொடங்கும் பாட்டு. எளிய சொற்கள், ஆனால் இரண்டாவது சரணத்தில் மெட்டு மேலே ஏறி அங்கேயே நிற்கும். எல்லாம் கூடி வந்தது. மூச்சு எங்கே எடுக்க வேண்டுமோ அங்கே எடுத்தேன். எங்கே எடுத்தது தெரியக் கூடாதோ அங்கே தெரியவில்லை. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தில் ஏறினேன். ஏறிய இடத்தில் குரல் நின்றது, ஆடாமல், கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிற்பதுபோல. அந்த இடத்தில் என் காதுக்குள் என் குரல் காணாமல் போயிற்று. தொண்டையில் இருக்கிறது, ஹெட்ஃபோனில் இல்லை. கண் திறந்தேன். திரை கறுத்திருந்தது. நான் நிறுத்தவில்லை. பாதி அடியில் நிறுத்துவது எனக்கு வராது. சன்னல் சாத்திய அறையின் இருட்டில் மீதிப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நடையில் யூபிஎஸ்ஸின் நான்கு பச்சை விளக்குகளும் அணைந்திருந்தன. காலையில் இருமுறை வடிந்த பேட்டரி நிரம்பவே இல்லை. தீரப்போகிறது என்று அது எனக்குச் சொல்லியிருக்கும். சொல்லும் நாக்கை நான் அறுத்து வைத்திருந்தேன். விளக்குகளைப் பார்த்திருக்கலாம், அவற்றைக் கதவுக்கு வெளியே வைத்து மூடியதும் நான்தான். மின்சாரம் வந்த பிறகு கம்ப்யூட்டரை இயக்கினேன். அந்தப் பதிவு திறக்க மறுத்தது. எத்தனை விதமாகக் கேட்டாலும் மறுத்தது.

"அம்மா, அது கத்தறதே நமக்காகத்தாம்மா" என்றார் பேட்டரிக் கடைக்காரர் தொலைபேசியில்.

"எனக்காகக் கத்தறவங்க எல்லாரும் நான் பாடும்போதுதான் கத்தறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அறுத்ததற்காக அன்றும் வருந்தவில்லை, இன்றும் இல்லை. அது கத்தியிருந்தாலும் பாட்டு கெட்டுத்தான் இருக்கும்.

மாலையில் மகன் வந்தான். விஷயம் தெரிந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மனம் கெட்டதல்ல. "விடும்மா. அடுத்த வாரம் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிச்சுடும். உன் ரூமுக்கும் லைன் இழுத்துடச் சொல்றேன். இனிமே உன் கம்ப்யூட்டர் அணையவே அணையாது."

"அணையாம என்னத்தப் பதிவு பண்ணும்? ஜெனரேட்டரையா?"

அவன் எழுந்து போனான்.

மறுநாள் மருமகள் இரண்டு கோப்பைகளில் காப்பியோடு என் அறைக்கு வந்தாள். அப்படி வருவது வழக்கமில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மைக்கை ஏதோ செல்லப் பிராணியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு. கோவிக்கறதும் கோவிக்காததும் என் விருப்பம்."

"இந்தப் பாட்டையெல்லாம் யாரு கேக்கப்போறாங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால் நானும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"மாசக் கடைசியில நீ அனுப்பறியே கணக்கு, அத யாரு படிக்கறாங்க?"

அவள் யோசித்தாள். "முழுசா யாரும் படிக்கறதில்ல. முதல் பக்கத்தப் பாத்துட்டு மூடிடுவாங்க."

"அதனால உள்ள தப்பும் தவறுமா எழுதி அனுப்புவியா?"

"சேச்சே."

"அப்புறம் என்ன?"

இருவரும் காப்பியைக் குடித்தோம். கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தவள், வாசலில் நின்று, "ஆனா இன்னொரு வாட்டி ஓட்டு வச்சாலும் நான் ஜெனரேட்டருக்குத்தான் கை தூக்குவேன்" என்றாள்.

"தெரியும். சர்க்கரை கம்மி" என்றேன்.

ஜெனரேட்டர் லாரியில் வந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு அலமாரி போல இருந்தது. என் சன்னலுக்கு நேர் கீழே சிமெண்ட் மேடையில் அதை உட்கார வைத்து, நான்கு மூலையிலும் திருகாணி முறுக்கினார்கள். மின்பணியாளர் வீடு வீடாக வந்து வயர் இழுத்தார். என் அறைக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த ரூமுக்கு எத்தன பாயிண்ட்மா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஃபேனுக்கு மட்டுமாவது?"

"வேண்டாம்."

"லைட்டு?"

"நான் சொல்றது உங்களுக்குக் கேக்குதா, இல்ல அந்த மெஷினப் போட்டுப் பாத்துட்டு வந்திருக்கீங்களா?"

அவர் என் மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான். "அம்மா, நாலு பேர் கேப்பாங்கம்மா. மொத்தக் கட்டடமும் வெளிச்சமா இருக்கும், செயலாளரோட அம்மா ரூம் மட்டும் இருட்டாக் கிடக்குமா?"

"எதிர்ப்பு ஒன்றுன்னு எழுதினியே, அது இந்த ரூம்தான்னு சொல்லு."

மின்பணியாளர் தன் ஏணியை மடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

அடுத்த மின்வெட்டு நாள் வந்தது. காலையிலிருந்து வழக்கம்போல யாரோடும் பேசவில்லை. குளித்து, நல்ல புடவை கட்டி, பேட்டரியின் நான்கு விளக்குகளும் எரிகின்றனவா என்று பார்த்து, மைக்கின் முன் உட்கார்ந்தேன். சிவப்புப் பொத்தானை முன்கூட்டியே அழுத்தி வைத்தேன்.

மின்சாரம் போயிற்று. கல் அறுக்கும் இயந்திரம் நின்றது. மோட்டார் நின்றது. தொலைக்காட்சி, லிஃப்ட், குளிர்பெட்டி. விசிறி கடைசிச் சுற்றில் இருந்தபோது, கீழே ஒரு செருமல். அதன் பின் ஓர் இடி. அதன் பின் சன்னல் கண்ணாடிகள் ஒன்றோடொன்று பல் கடிக்கத் தொடங்கின. கட்டடத்தில் கைதட்டல் கேட்டது. எல்லா அறைகளிலும் விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன. என் அறையில் கம்ப்யூட்டர்த் திரை மட்டும் என் சொந்தப் பேட்டரியில் ஒளிர்ந்தது. அதுவரை நூலாக ஓடிக்கொண்டிருந்த ஒலிக்கோடு அதில் கயிறாகப் பருத்துவிட்டிருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றியிருக்கலாம். கழற்றாமல் அந்த இரைச்சலைக் கேட்டேன். குழுவுக்குப் புதிதாக வந்தவளை முதல் நாள் கேட்பதுபோலக் கேட்டேன். மேலே கேட்ட தடதடப்பை ஒதுக்கினால், அடியில் ஒரே சுரம். அலையாமல், மூச்சு வாங்காமல், நீண்டுகொண்டே இருந்தது. எங்கே நிற்கிறது என்று வாய்க்குள் தேடினேன். நான்கு கட்டையில் இல்லை. நாலரையில் இல்லை. ஐந்துக்கு மயிரிழை மேலே நின்றது. மூன்றாம் மாடியில் யாரோ ஏதோ சுவிட்சைப் போட்டார்கள் போலிருக்கிறது. சுமை கூடியதும் மயிரிழை இறங்கி, சரியாக ஐந்தில் வந்து நின்றது.

நான்கு கட்டையில் பாடினால் இரண்டும் அடித்துக்கொள்ளும். டீசலில் ஓடுவதை இறங்கி வா என்று சொல்ல எனக்கு வழியில்லை. சங்கத்தில் கேட்டும் பயனில்லை.

எழுந்து சன்னலை முழுவதுமாகத் திறந்தேன். இரைச்சல் தாராளமாக உள்ளே வந்தது. அறைக் கதவையும் திறந்து வைத்தேன். இனி மூடிக் காப்பதற்கு ஒன்றுமில்லை, அதோடு உட்கார்ந்த இடத்திலிருந்தே பேட்டரி விளக்குகளையும் பார்க்கலாம். வெந்நீர் ஒரு வாய் குடித்தேன். 'ம்' என்று ஐந்தில் வைத்துப் பார்த்தேன். தொண்டை, பூட்டியே கிடந்த அறையின் தாழ்ப்பாளைப் போல, முதலில் இசையவில்லை. இரண்டாம் முறை அசைந்தது. அந்தப் பதிவை நிறுத்தாமல், அதிலேயே, பாட்டை எடுத்தேன்.

*நான் நடந்த தெருவெல்லாம் என் காலுக்குத் தெரியும்.*

இது நான் ஒத்திகை பார்த்த பாட்டாக இல்லை. அதில் நான் அமைதியின்மேல் கால் வைத்து நடந்தேன். இதில் ஆற்றுக்குள் நடப்பதுபோல இருந்தது. மென்மையாகப் பாட வேண்டிய இடங்களில் மென்மைக்கு இடமில்லை. முப்பது ஆண்டுகள் எந்தக் குரலை மற்ற ஐந்து குரல்களுக்குள் கரைத்தேனோ, அது இப்போது கரைய மறுத்தது; கரைந்தால் மூழ்கிவிடும். எனக்கே பழக்கமில்லாத ஒரு கரகரப்பு அதில் வந்தது. வரட்டும் என்று விட்டேன். திரையில் அந்தப் பருத்த கயிற்றுக்கு மேலே என் ஒவ்வொரு சொல்லும் தலை நீட்டி நீட்டிப் போயிற்று. முதல் சரணம் முடிந்தது. நடையில் மூன்று விளக்குகள் எரிந்தன.

வாசலில் நிழல் விழுந்தது. மருமகள் ஹெட்செட்டோடு நின்றாள். அவள் காதுக்குள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கே அந்த முணுமுணுப்பு கேட்டது. அவள் வாயருகே இருந்த மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, இரண்டு அடிகளுக்கு நடுவே நான் மூச்சு எடுத்த இடம் பார்த்து, அவசரமாகச் சொன்னாள்: "அத்தை, மீட்டிங்ல எல்லாருக்கும் கேக்குது."

நான் அடுத்த அடியைப் பாடினேன். போகச் சொல்லிக் கையைக்கூட அசைக்கவில்லை. அசைத்தால் வளையல் பதிவாகும். அவள் போகவில்லை.

அடுத்த மூச்சில் மறுபடி சொன்னாள். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. "யாரு பாடறாங்கன்னு கேக்கறாங்க அத்தை. என்ன சொல்லட்டும்?"

இரண்டாவது சரணம் ஏறத் தொடங்கியிருந்தது. நான்கு கட்டையிலேயே இடுப்பைப் பிடிக்கும் ஏற்றம் அது. ஒவ்வொரு படியாகப் போனேன். அவள் விரல் ஹெட்செட்டின் ஒலி நிறுத்தும் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தினாளா, எடுத்தாளா என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசிப் படி. விலாவின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்து, குரலைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். விளிம்பில் சற்றுக் கிழிந்தது. ஆனால் வைத்த இடத்தில் நின்றது. கீழே யாரோ லிஃப்டை அழைத்திருக்க வேண்டும். இயந்திரத்தின் குரல் மெல்ல இறங்கிற்று. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு ஏறி வந்துகொண்டிருந்தது.